தோல்வி அணியின் கடைசிப் பேச்சாளர்

உலகநாதன் எழுந்து மைக்குக்கு முன்னால் வந்து நின்றதுமே மண்டபத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது. இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது இந்த ஊருக்கு என்று நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே அந்தக் கோபம் ஊர் மேல்தானா, இல்லை மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிற தம்பி மேலா என்ற சந்தேகமும் வந்தது. யார் இவனை இந்த அணியில் போய் நிற்கச் சொன்னது. '1940-க்கு முன் சர்ச்சிலின் அரசியல் வாழ்க்கை: தோல்வியா, பயிற்சியா?' என்று முதுகுக்குப் பின்னால் பேனர் தொங்குகிறது. வாசகர் வட்டத்துச் செயலாளர் ஆதிமூலம், போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வருஷா வருஷம் மாமியாரா மருமகளா, காதல் கல்யாணமா பெரியவர்கள் பார்த்த கல்யாணமா என்று வைத்து வைத்து அலுத்துப்போய், தான் படித்த தடிப் புத்தகத்தை ஊருக்கே கரைத்துப் புகட்டிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வைத்த தலைப்பு. நம்மை நாமே ஆள லாயக்கில்லாதவர்கள் என்று சொன்ன வெள்ளைக்காரனுக்கு இங்கே எதற்குப் பட்டிமன்றம் என்று பாதிப்பேர் முணுமுணுத்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே வந்தும்விட்டார்கள், ஏனென்றால் நோட்டீஸில் உலகநாதன் பெயர் இருந்தது, அதுவும் தோல்வி அணியின் கடைசிப் பேச்சாளர் என்று இருந்தது. ஆதிமூலம் பாவம், நல்ல எண்ணத்தில் இவனைப் பயிற்சி அணியில்தான் போட்டிருந்தார். இவன்தான் போய் மாற்றிக்கொண்டு வந்தான். தோல்வியைப் பற்றிப் பேச இந்த ஊரில் என்னைவிட அனுபவஸ்தன் யார் இருக்கிறான் என்று கேட்டானாம். கேட்டிருப்பான், அவனுக்கு வாய் ஒன்றுதான் முதல்.

கட்சி தாவியதில் ஆரம்பித்தான். ஒரு கட்சியில் நின்று ஜெயித்து பார்லிமெண்டுக்குள் போன மனுஷன் நாலே வருஷத்தில் எதிர்ப்பக்க பெஞ்சில் போய் உட்கார்ந்தார், அப்புறம் இருபது வருஷம் கழித்துப் பழைய கட்சிக்கே திரும்பினார், என்று சொல்லி நிறுத்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, இங்கே யாரும் சிரிக்கக் கூடாது, நான் சர்ச்சிலைச் சொல்லுதேன் என்றான். மண்டபம் அதிர்ந்தது. செண்பகவல்லிக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, நடுவர் சிரித்தால் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடும் என்று மடியில் கிடந்த பொன்னாடையை எடுத்துப் பிரித்து மறுபடியும் மடித்தாள். அப்பா இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். கட்சிக் கரை வேட்டி தவிர வேறு கட்டாத மனுஷர். இவன் மாற்றுக் கட்சி மேடையில் ஏறி மாலை வாங்கிய அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டிலேயே தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார், ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை என்று இவனே பிற்பாடு சொன்னான். ஏன்டா போனே என்று அவள் கேட்டதற்கு, அங்க பேச விட மாட்டேங்காங்கக்கா, இங்க பேச விடுதாங்க என்றான், அவ்வளவுதான் காரணம். அங்கேயும் மூன்று வருஷத்தில் பேச விடாமல் பண்ணினார்கள், திரும்பி வந்தான், பழைய ஆட்கள் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் நாற்காலி போடவில்லை. சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நின்றான், டெபாசிட் போயிற்று. அவள் வரலாறு நடத்துகிற பெண்கள் கல்லூரி ஸ்டாஃப் ரூமில், அவள் நுழைந்ததும் எத்தனை நாள் பேச்சு சட்டென்று மாறியிருக்கிறது. இருபத்தாறு வயதில் கவுன்சிலர், அப்புறம் நகராட்சித் துணைத் தலைவர், இவன் எங்கேயோ போகப்போகிறான் என்று சொன்ன அதே வாய்கள்தான் பிறகு இவன் எங்கேதான் போகவில்லை என்று சொல்லின. கூடப் பிறந்த பாவத்துக்கு அவளால் சேர்ந்து சிரிக்கவும் முடியாது, சண்டைக்குப் போகவும் முடியாது. மின்விசிறி தலைக்கு மேலேதான் சுற்றுகிறது, காற்று என்னவோ அவளைத் தவிர எல்லோருக்கும் வருகிறது.

முன்வரிசையில் பவுன்ராஜ் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் மட்டும் சிரிக்கவில்லை. வியாபாரிகள் சங்கத் தலைவர். அவருக்கு சர்ச்சிலும் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை, அவர் காத்திருப்பது வேறு தீர்ப்புக்கு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளைப் பிடித்துக்கொண்டார். போன மாதம் பெரிய கண்மாயில் மீன் மொத்தமும் செத்து மிதந்தது, மேல்பக்கத்துச் சாயப்பட்டறைத் தண்ணீர் ராவோடு ராவாகத் திறந்துவிடப்படுகிறது என்று தெரிந்துபோயிற்று, இந்தக் கருவக்குளம் ஊருக்கு இருப்பதே அந்த ஒரு கண்மாய்தான், குழாயில் வருகிறதும் அந்தத் தண்ணீர்தான், பிள்ளைகளுக்குக் கையிலும் காலிலும் புண். தெருச் சங்கம், சாதிச் சங்கம், கட்சிக்காரர் எல்லோரும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே பாயில் உட்கார்ந்து கண்மாய் மீட்புக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதற்கு நாளைக்குத் தலைவர் போட வேண்டும். தலைவர் என்றால் மாலை மரியாதை இல்லை, வழக்கு வரும், மறியல் வரும், அடியாள் வருவான், ஜெயிலும் வரும். ஒருத்தருக்குக் கடை இருக்கிறது, ஒருத்தர் மகனே பட்டறையில் வேலை பார்க்கிறான், ஒருத்தருக்கு இரத்தக் கொதிப்பு. மிச்சம் நிற்பது உலகநாதன். "டீச்சரம்மா, தம்பிங்கிறத ஒரு பக்கம் வச்சிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. போடலாமா, வேண்டாமா. பாதிப்பேரு அவன் வேண்டாங்கான், பாதிப்பேரு வேற ஆளு எங்கங்கான். நீங்க சொன்னா ரெண்டு பக்கமும் கேட்டுக்கிடும்" என்றார். விழா முடியட்டும் அண்ணாச்சி என்று நழுவி மேடை ஏறிவிட்டாள். நழுவுவது அவளுக்குக் கைவந்த கலை. முப்பது வருஷமாக நடுவர், கடைசியில் எழுந்து இந்தப் பக்கமும் உண்மை இருக்கிறது, அந்தப் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று ஆரம்பித்தாலே ஜனங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள், அவர்களுக்கு மிச்சம் மனப்பாடம். ஆனால் அண்ணாச்சி செருப்பைத் தேட மாட்டார். வேண்டாம் என்று சொன்னால் இவனுக்கு இனி ஒன்றும் இல்லை, ஐம்பத்து மூன்று வயது, இதோடு ஊர் இவனை வெறும் பேச்சாளனாக எழுதி மூடிவிடும். போடுங்கள் என்று சொல்லி இவன் வழக்கம்போலக் கவிழ்த்தால் கவிழ்வது இவன் மட்டுமில்லை, ஊர்த் தண்ணீர். தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

இதே கண்மாயைப் பற்றி ஒன்பது வருஷம் கத்தினவன் இவன்தான். பட்டறைக்கு முதல் செங்கல் வைத்த அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில் ஸ்டூல் போட்டு ஏறி, இந்தச் சாயம் ஒரு நாள் உங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு வரும் என்றான். யாரும் கேட்கவில்லை, எப்படிக் கேட்பார்கள், அதே ஸ்டூலில் ஏறித்தான் புது பஸ் ஸ்டாண்டு கூரை ஆறு மாதம் தாங்காது என்றான், அது இன்னும் குத்துக்கல்லாக நிற்கிறது. ரயில்வே மேம்பாலம் வந்தால் ஊர் இரண்டாகப் போகும் என்றான், போகவில்லை, கூட நாலு டீக்கடை வந்தது. இதற்குள் மேடையில் அவன், முதல் உலக யுத்தத்தில் சர்ச்சில் கப்பல் படை மந்திரியாக இருந்த கதைக்கு வந்துவிட்டிருந்தான், இங்கே குரல் இறங்கியிருந்தது. கடல் வழியை உடைத்துக்கொண்டு போய் துருக்கியை மடக்கிவிடலாம் என்று திட்டம் போட்டார்கள், அதில் இந்த ஆள் முன்னால் நின்றார், கப்பல்கள் கண்ணிவெடியில் போயின, பிறகு கரையில் இறக்கிவிட்ட பிள்ளைகள் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள், இவருக்குப் பதவி போனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம ஊர்லயும் ஒருத்தன் வாரச் சந்தையைத் தூக்கிட்டுப் போயி கரிசக்காட்டுல வச்சான். மொத மழைக்கே சந்தை தாந்துபோச்சு" என்றான். சிரித்தார்கள், ஆனால் பின்வரிசையில் இருந்த காய்கறிக்காரப் பெண்கள் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை. சந்தை தாழ்ந்த அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுப் பின்பக்கம் வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான், முட்டி வரைக்கும் கருப்புச் சகதி, உள்ளே வாடா என்றால் வரவில்லை. விடிந்ததிலிருந்து அந்தப் பெண்களோடு நின்று மூட்டை இழுத்திருக்கிறான், வண்டி தள்ளியிருக்கிறான், அதை யாரும் பேசவில்லை, பேசவும் வேண்டாம், சந்தையைக் கொண்டுபோய் அங்கே வைத்ததே இவன்தானே. மேப்புல மண்ணு தெரியல்லக்கா என்றான். மறுநாள் யாரும் கேட்காமலே துணைத் தலைவர் பதவியை விட்டான். இதை எதில் சேர்ப்பது. பயிற்சி அணியில் பேசின கிரேஸ் டீச்சர் அந்தக் கடற்கரைச் சாவைப் பெரிய பாடம் என்றாள், தலைவனைச் செதுக்கிய உளி என்றாள், கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. யாரோ பெற்ற பிள்ளை செத்தது யாரோ ஒருத்தருக்குப் பயிற்சியா, அந்தத் தாயிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். சரி, அப்படியென்றால் தோல்வி என்று கோடு போட்டு முடித்துவிடலாமா, சகதிக் காலோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தவனை எந்தக் கோட்டுக்குக் கீழே வைப்பது. வகுப்பில் காரணங்கள், விளைவுகள் என்று இரண்டு தலைப்புப் போட்டு அழகாகச் சொல்லிக் கொடுக்கிறாள், கரும்பலகையில் எல்லாம் சரியாகத்தான் வருகிறது.

எல்லாவற்றையும் சொல்கிறான், ஹாஸ்டலைச் சொல்வானா. இந்தக் கேள்வி எப்போது உள்ளே வந்தது என்று தெரியவில்லை, வந்த பிறகு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. அவன் துணைத் தலைவராக இருந்தபோது, பெண்கள் கல்லூரிக்குப் பக்கத்துக் காலியிடத்தை ஹாஸ்டல் கட்ட நகராட்சி கொடுப்பதாக இருந்தது. அவள் கல்லூரி. இவன் எழுந்து, பொம்பளப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் எதற்கு, பஸ் இருக்கிறதே, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என்ன, பையன்களுக்கு ஃபுட்பால் ஆட இடம் வேண்டும் என்று பேசினான். பேசி ஜெயித்தான், அவன் பேச்சு ஜெயித்ததே அது ஒன்றுதான். நாலு வருஷம் தள்ளித்தான் ஹாஸ்டல் வந்தது. அந்த நாலு வருஷத்தில் நின்றுபோனவர்கள் எத்தனை பேர், அதில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி, ஒரே ஒரு பஸ் வருகிற ஊர், அது வராத நாளில் நடந்து வருவாள், வரலாற்றில் அவளைப் போலக் கேள்வி கேட்ட பிள்ளையை அதற்குப் பிறகு செண்பகவல்லி பார்க்கவில்லை. இரண்டாம் வருஷத்தோடு நின்றாள். ஒரு தடவை தீப்பெட்டிக் கம்பெனி வேனில் போகும்போது மிஸ் என்று கையைக் காட்டினாள், முகம் நிறையச் சிரித்தாள், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அக்காவும் தம்பியும் உலகத்தில் எல்லாவற்றையும் பேசியிருக்கிறார்கள், அப்பா சாவைப் பேசியிருக்கிறார்கள், இதை மட்டும் அவன் எடுத்ததில்லை, அவளும் எடுத்ததில்லை, அவன் சாப்பிட வந்தால் குழம்பு ஊற்றும்போது அது நடுவில் நிற்கும். இன்றைக்குச் சொல்லட்டும். இந்த மேடையில் சொல்லிவிட்டான் என்றால் அண்ணாச்சிக்கு வாய் நிறையச் சரி என்று சொல்வாள். சொல்லாமல் விட்டான் என்றால், விட்டான் என்றால் என்ன சொல்வாள் என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அவனும் அங்கேதான் வந்துகொண்டிருந்தான். சர்ச்சிலுக்குப் பத்து வருஷம் பதவி கிடையாது, சொந்தக் கட்சியே ஒதுக்கி வைத்த ஆள், வயது ஏறிக்கொண்டே போகிறது. "அந்தப் பத்து வருஷத்துல ரெண்டு விஷயத்துக்குத் தொண்டை கிழியக் கத்தினாரு. ஒண்ணு ஜெர்மனிக்காரன் வாரான்னு, அது சரி. இன்னொண்ணு இந்தியாவுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு, அது தப்பு. ரெண்டையும் ஒரே தொண்டையிலதான் கத்தினாரு" என்றான். காந்தியை அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏளனம் பண்ணினார், அந்தத் தப்பை வாய்விட்டு ஒப்புக்கொண்டதாகத் தான் படித்த வரைக்கும் எங்கேயும் இல்லை என்றான். ஒரு கூட்டத்தைப் பார்த்து இவங்களுக்கு இவ்வளவு போதும்னு முடிவு கட்டிட்டோம்னா, என்று ஆரம்பித்து நடுவர் பக்கம் திரும்பினான். கண் நேராக அவள் கண்ணில் விழுந்தது. சொல்லுடா, என்று நெஞ்சுக்குள் சொன்னாள், சொல்லிரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தண்ணீரை எடுத்துக் குடித்தான், காது மடல் இரண்டும் சிவந்திருந்தது, சின்ன வயதில் பொய் சொல்லும்போது அப்படித்தான் சிவக்கும், இன்றைக்கு உண்மைக்குச் சிவந்திருக்கிறது. நன்றி வணக்கம் என்று உட்கார்ந்துவிட்டான். நேரம் பாக்கி கிடந்தது. உலகநாதன் நேரம் பாக்கி வைத்து உட்கார்ந்ததை அந்த ஊர் பார்த்ததே இல்லை, கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழித்தது.

தீர்ப்பு என்று ஆதிமூலம் மைக்கை அவள் பக்கம் தள்ளினார். எழுந்தாள். நாக்கு தன்பாட்டுக்கு இந்தப் பக்கமும் உண்மை என்று தொடங்கத் தயாராக நின்றது, பின்வரிசையில் இரண்டொருவர் செருப்புக்குக் காலைத் துழாவினார்கள். சொல்லவில்லையே, சொல்லவில்லையே என்று மனசு அதையே அரைத்தது. அழுகை வருகிற மாதிரியும் இருந்தது, அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் சொல்ல வந்தானே. தப்பை ஒப்புக்கொள்கிற அந்த வாசல் வரைக்கும் வந்து நின்றானே. அவள் படித்த சரித்திரத்தில் அந்த வாசலுக்கு வந்தவர்களே கொஞ்சம் பேர்தான், உள்ளே போனவர்களைக் கேட்கவே வேண்டாம். தப்பே பண்ணாத ஆளைத் தேடினால் கண்மாய்க்குத் தலைவர் கிடைக்க மாட்டார், ஒன்றுமே செய்யாத ஆள்தான் கிடைப்பார், நடுவில் உட்கார்ந்திருக்கிற ஆள், அவளைப் போல. அது நெஞ்சில் போய் நின்றது. நாக்கில் நின்ற பழைய வாக்கியம் போன இடம் தெரியவில்லை.

"தோல்வி அணியோட கடைசிப் பேச்சாளர் ஒரு தோல்வியைச் சொல்லாம விட்டுட்டாரு. நடுவர் எடுத்துக் குடுக்கக் கூடாதுங்கிறது வழக்கம். நான் குடுக்கேன்" என்றாள். ஹாஸ்டலைச் சொன்னாள். பேச்சியம்மாளைப் பெயர் சொல்லிச் சொன்னாள், வேனைச் சொன்னாள், கையைக் காட்டியதைச் சொன்னாள். குரல் ஒரு இடத்தில் உடைந்தது, உடையட்டும் என்று விட்டாள். அந்தப் பிள்ளை படிப்பு நின்றது யாருக்கும் பயிற்சி இல்லை, அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை என்று கிரேஸ் டீச்சரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு, 1940-இல் யுத்தம் தலைக்கு மேல் வந்தபோது அந்த மனுஷரைப் பிரதமராகக் கூப்பிட்டவர்கள் அவர் பண்ணின கோளாறு தெரியாமல் கூப்பிடவில்லை, எல்லாம் தெரிந்துதான் கூப்பிட்டார்கள், அந்த நேரத்துக்கு அந்தத் தொண்டை வேண்டியிருந்தது, கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஆட்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள், தொண்டையை மட்டும் நம்பவில்லை என்றாள். ஒருத்தர் தோற்றவரா என்று அவர் கடைசியாக விழுந்த இடத்தில் நின்று சொல்ல முடியாது, ஆள் இன்னும் எழுந்திருக்கப் பார்த்தால் தீர்ப்பைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கத்தான் வேண்டும் என்றாள். "தலைப்பு ரெண்டுல ஒண்ணைக் கேக்கு. மழுப்பாமச் சொல்லுதேன். தோல்வி அணி தோத்தது." மண்டபமே எழுந்துவிட்டது, உலகநாதன் மறுபடியும் தோத்துட்டான் என்று யாரோ கத்த, சிரிப்பும் கைதட்டலும் கலந்து வந்தது, அந்தச் சிரிப்பில் முதலில் இருந்த குத்தல் இல்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து, எல்லோரும் முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தான்.

மேடைப் படியில் பவுன்ராஜ் அண்ணாச்சி காத்திருந்தார். நீங்க சொன்னது எனக்குப் பாதிதான் புரிஞ்சது, அந்தப் பாதி போதும், ஆனாலும் வாயால ஒரு வார்த்தை வேணும் டீச்சரம்மா என்றார். தலைவராக அவனைப் போடுங்கள், துணைத் தலைவராக என்னைப் போடுங்கள் என்றாள். அண்ணாச்சி ஒரு கணம் திகைத்துப்போனார், நீங்க எல்லாத்துக்கும் பொதுவான ஆளாச்சே என்று இழுத்தார்.

"அவன் தப்புன்னா தப்புன்னு அங்கேயே சொல்ல ஒரு ஆளு வேணும் அண்ணாச்சி. எனக்கும் நடுவுல உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்கு."

அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. சரி சரி என்று சொல்லிக்கொண்டே கமிட்டிக்காரர்களைத் தேடி வேகமாகப் போனார். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது, நாற்காலிகளை மடக்குகிற சத்தம். உலகநாதன் தூணோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், வருவதா வேண்டாமா என்று நின்றான், பிறகு வந்தான். அக்கா என்றான். அவள் அவனை முடிக்க விடவில்லை.

"நாளைக்குக் கமிட்டிக்குப் போறதுக்கு முன்னால ஹாஸ்டலுக்கு வா. பிள்ளைக சாப்பிடுத நேரம், எல்லாம் இருக்கும். இங்க விட்டத அங்க வந்து சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும், அந்தக் காலத்து நிலைமை வரும், ஃபுட்பால் வரும், பஸ் வரும், அவன் பேச்சு எப்படி ஆரம்பிக்கும் என்று அவளுக்குத் தெரியாததா, நின்று கேட்கத் தயாரானாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"வாரேன்க்கா" என்றான்.